பால் மறந்த குதிரைக்குட்டிக்கு எந்தப் பேலன்சர்?

தீவனத்தில் குறையும் சத்தை ஈடுகட்டத் தருவதுதான் பேலன்சர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குதிரைக்குட்டி வளர்ப்பவர்கள் இதற்காகக் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எந்த டப்பா நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் தீவனப் பக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கெட்டில் எது குறைகிறதோ அதை நிரப்பும் டப்பாதான் நல்ல டப்பா. ஏற்கெனவே மிஞ்சியிருப்பதையே மேலும் கொட்டினால், விலை எவ்வளவு இருந்தாலும் அது குட்டிக்குக் கெடுதல்.

1824-லேயே குதிரை வளர்ப்புக்கென்று மத்திகிரியில் பண்ணை போட்ட மண் இது. ஆனால் இன்று இங்கே சுலபமாகக் கிடைக்கும் தீவனமெல்லாம் கறவை மாட்டுக்காக வந்தவை: கோ-4 புல், கோதுமைத் தவிடு, மாட்டுத் தாது உப்பு. மாட்டின் வயிற்றுக்குப் பொருந்துவது குதிரைக்குட்டியின் எலும்புக்குப் பொருந்தாது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எடை. மாட்டுக்கு அளப்பது போலவே முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஒரு வயதுக் குட்டியின் எடை ஓரளவு கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 54, நீளம் 52 என்றால் சுமார் 230 கிலோ. கண்மதிப்பில் எடை சொல்வது இளங்குட்டியில் அடிக்கடி தவறும். வயிறு பெருத்த குட்டி கனமாகத் தெரியும்.

வளர்ந்தால் 400 கிலோ வரக்கூடிய குதிரையை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதில், 250 கிலோ அளவில் இருக்கும்போது, அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் கால்சியம், 17 கிராம் பாஸ்பரஸ், 680 கிராம் புரதம், அந்தப் புரதத்தில் 29 கிராம் லைசின் (வளர்ச்சிக்கு அவசியமான அமினோ அமிலம்) வேண்டும். செம்பு 65 மில்லிகிராம், துத்தநாகம் 250 மில்லிகிராம் அளவில் வேண்டும்.

இப்போது நம் ஊர் பக்கெட். ஒன்றரைக் கிலோ கொள்ளு (வேகவைக்கும் முன் எடை), ஒன்றரைக் கிலோ கோதுமைத் தவிடு என்று வையுங்கள். பாஸ்பரஸ் 21 கிராம் வந்துவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் தவிட்டிலிருந்து மட்டும். கால்சியமோ 6 கிராம்தான். கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக, ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு தலைகீழாக நிற்கிறது. இப்படியே மாதக்கணக்கில் போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முகத்தின் இரு பக்கமும் எலும்பு புடைக்கும், நடை விறைக்கும், காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும். பளபளப்பு வருகிறது என்று தவிட்டை அள்ளிப் போடும் லாயங்களில் இது அதிகம் வரும்.

கோ-4 புல்லும் அதே திசையில் இழுக்கும். நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி குறைவு. ஆகவே கோ-4 மட்டுமே பசுந்தீவனமாக இருந்தால், அதிலிருந்து வரும் கால்சியத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே பத்திரம். ஒரு துண்டு நிலம் இருந்தால் குதிரைமசால் போடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, காரணம் இல்லாமல் இல்லை. எட்டுக் கிலோ பச்சைக் குதிரைமசால் 20 கிராமுக்கு மேல் கால்சியம் தரும். வேலியோரச் சூபாபுல்லைப் பதிலாக வெட்டிப் போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்ட வைக்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் டப்பா தேர்வு சுலபம். தவிடு அதிகமுள்ள பக்கெட்டுக்கு டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) பொடி தவறான மருந்து. அதில் கால்சியத்தோடு 18 சதவீதம் பாஸ்பரஸும் வருகிறது. வேண்டியது தீவனத் தரக் கால்சைட் பொடி, அதாவது அரைத்த சுண்ணாம்புக்கல். கோழித் தீவனப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். அதில் 38 சதவீதம் கால்சியம். 60 கிராம் போட்டால் 23 கிராம் கிடைக்கும். வீட்டுச் சுண்ணாம்பு அல்ல, அது வாயையும் குடலையும் வெந்துபோகச் செய்யும். அதைவிட முக்கியம், தவிட்டை அரைக் கிலோவுக்கு இறக்குவது. அந்த ஒரே மாற்றத்தில் 11 கிராம் பாஸ்பரஸ் குறைந்துவிடும்.

பேலன்சர் என்பது 25 முதல் 32 சதவீதம் புரதமும், தாதுவும், வைட்டமினும் செறிந்த குச்சித் தீவனம். 100 கிலோ எடைக்கு 100 கிராம் என்பதை ஒட்டிய அளவில் கொடுப்பார்கள், மாவுச்சத்து குறைவு. பசுந்தீவனத்திலேயே உடம்பு போட்டுவிடும் குட்டிக்கு இதுதான் சரி. கொள்ளு ஒழுங்காகப் போகும் இடத்தில் லைசின் ஏறக்குறைய சரியாகிவிடும் என்பதால், கால்சைட்டும் செம்பு-துத்தநாகம் உள்ள குதிரைத் தாதுப் பொடியும் போதும் என்பது என் கருத்து; செலவும் குறையும். மக்காச்சோளமும் தவிடும் மட்டுமே தருபவர்களுக்குத்தான் லைசின் குறையும். அங்கே கால் கிலோ சோயாப் புண்ணாக்கு 7 கிராம் லைசின் சேர்க்கும். கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு, ஈரம் பட்டால் பூஞ்சை நஞ்சும் வரும், குட்டிக்கு வேண்டாம்.

முழுக் கலப்புத் தீவனம் வேறு. அதை மூட்டையில் சொன்ன இரண்டு மூன்று கிலோ கொடுத்தால்தான் தாது நிறையும். காசு மிச்சமென்று அரைக் கிலோ மட்டும் கொடுத்தால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்குதான்.

லேபிளைப் படிக்கும்போது, கிலோவுக்கு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, தினசரி அளவில் எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவில் செம்பு 1,000 மில்லிகிராம் என்று போட்டிருந்தாலும் 30 கிராம் கொடுத்தால் கிடைப்பது 30 மில்லிகிராம். 100 மில்லியில் கால்சியம் 1,700 மில்லிகிராம் உள்ள திரவ டானிக்கை 50 மில்லி ஊற்றினால் ஒரு கிராம்கூடத் தேறாது. செலினியம், வைட்டமின் ஏ, டி உள்ள இரண்டு பொருளை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். இவை மிஞ்சினால் நஞ்சு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கோழிப்பண்ணை அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிராய்லர் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்து கலந்திருக்கலாம். கோழிக்குப் பாதுகாப்பான அளவே குதிரையின் இதயத்தை அழிக்கும். மிச்சக் கோழித் தீவனமோ, அதே இயந்திரத்தில் கழுவாமல் அரைத்த மாவோ குட்டியின் பக்கமே வரக்கூடாது.

ஃபுளோரைடையும் மறக்கக்கூடாது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது பல இடங்களில் அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் குட்டிக்கும் அது பாதிக்கும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் குட்டிக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் வையுங்கள். உரத்துக்கான ராக் பாஸ்பேட்டைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது. தாதுக் கலவை லேபிளிலும் ஃபுளோரின் உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பேலன்சர் கொடுக்கத் தொடங்கும்போது 50 கிராமில் ஆரம்பித்து, 10 முதல் 14 நாளில் முழு அளவுக்கு வாருங்கள். தாதுப் பொடியை உலர்ந்த தவிட்டில் கலந்தால் அடியில் தங்கிவிடும், குட்டி நக்கிவிட்டுப் போய்விடும். ஒரு கைப்பிடி வெந்த கொள்ளைப் பிசைந்து அதில் புரட்டுங்கள். வெந்த கொள்ளு நம் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளிக்கும். காலைக்குக் காலை, மாலைக்கு மாலை வேகவையுங்கள். சாதா உப்பு 20-25 கிராம் தனியாக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடா வைத்து அளந்து எழுதி வையுங்கள். விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. முழங்காலுக்கு மேலோ, குளம்புக்கு மேலுள்ள மூட்டிலோ மணல்கடிகாரம் போல உருண்டு சூடாக இருந்தால் வளர்ச்சி வேகம் மிஞ்சிவிட்டது. அப்போது பலரும் முதலில் நிறுத்துவது பேலன்சரை, அது தவறு. தானியத்தையும் கொள்ளையும் குறைத்து, பேலன்சரை அப்படியே வைத்து, அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.