மார்புர்க்கில் புனித எலிசபெத்தின் வெற்றுப் பேழை

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்தில் மார்புர்க் வந்துவிடும். புனித எலிசபெத் ஆலயத்துக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். வேளாங்கண்ணி போல ஜெபமாலைக் கடைகளும் கூட்டமும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்று இது லூத்தரன் ஆலயம். உள்ளே பீடப் பகுதியைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். சரி, வாங்கினோம்.

எலிசபெத் 1207-இல் ஹங்கேரி அரசர் இரண்டாம் ஆண்ட்ரூவுக்குப் பிறந்தவர். நாலு வயதிலேயே ஜெர்மனியின் துரிங்கியா அரண்மனைக்கு அனுப்பப்பட்டு, பதினாலு வயதில் அந்நாட்டுப் பிரபு லுட்விக்கை மணந்தார்.

சுரூபங்களில் அவர் மடி நிறைய ரோஜாவோடு நிற்பார். ஏழைகளுக்கு ஒளித்து எடுத்துப் போன ரொட்டி கணவர் பார்த்ததும் ரோஜாவானதாம். அது பிற்காலக் கதை. உண்மையில் லுட்விக் மனைவிக்குத் தடையாக இருந்தவர் அல்ல. 1226 பஞ்சத்தில், அவர் ஊரில் இல்லாதபோது, எலிசபெத் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். வார்ட்புர்க் கோட்டை அடிவாரத்தில் 28 படுக்கைகளோடு மருத்துவமனையும் வைத்தார். அறுவடை வந்ததும், உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு அரிவாளும் செருப்பும் கொடுத்து வேலைக்கு அனுப்பினார். திரும்பி வந்த கணவரிடம் அதிகாரிகள் புகார் சொன்னபோது, அவர் மனைவியின் பக்கமே நின்றார்.

என்னை அதிகம் உலுக்கியது எலிசபெத்தின் சாப்பாட்டு விஷயம். குடியானவர்களிடம் அநியாயமாகப் பறித்த எதையும் உண்பதில்லை என்று விரதம். பந்தியில் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பார். உணவு மட்டும் நல்ல வழியில் வந்திருந்தால் சாப்பாடு மட்டும், மது மட்டும் என்றால் அது மட்டும். இரண்டுமே நேர்மையானவை என்றால் கைதட்டிச் சந்தோஷப்பட்டாராம். மற்ற நாளில் விருந்தினர் கவனிக்காதபடி பரிமாறிக்கொண்டே பசியோடு எழுந்துவிடுவார். இதையெல்லாம் பிறகு சாட்சி சொன்னவர்கள் அவருடைய பணிப்பெண்கள். மிச்சத்தைத் தானம் செய்கிறவர்கள் உண்டு. தன் தட்டில் இருப்பது யாருடையது என்று கேட்டவர்களை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

1227-இல் லுட்விக் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இத்தாலியில் காய்ச்சலில் இறந்தார். எலிசபெத் அரண்மனையை விட்டு வந்து மார்புர்க்கில் மருத்துவமனை கட்டி, நோயாளிகளைத் தானே கழுவித் துடைத்தார். 1231 நவம்பரில் இறந்தபோது வயது 24. 1235-இல் புனிதர் பட்டம். இந்த ஆலயத்துக்கு அடிக்கல்லும் அதே ஆண்டில்தான்.

பொன் முலாம் பூசிய பேழை கம்பிக்குப் பின்னால் இருக்கிறது, வீட்டுக் கூரை போன்ற மூடியில் அவர் வாழ்க்கைக் காட்சிகளோடு. உள்ளே ஒன்றுமில்லை. அவருடைய வம்சத்தில் வந்த பிரபு பிலிப்பே, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தில், 1539-இல் திருப்பண்டங்களை, அதாவது உள்ளே வைத்திருந்த அவருடைய எலும்புகளை, அகற்றித் திருப்பயணத்தை நிறுத்திவிட்டார். ஆனாலும் அங்கே நின்று ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன்.

ஒரு சங்கடமும் உண்டு. அந்தச் சாப்பாட்டு விரதத்தை விதித்தவர் அவருடைய ஆன்ம குரு கொன்ராட். எலிசபெத்தைப் பிரம்பால் அடித்தவரும், பிரியமான தோழிகளைப் பிரித்து அனுப்பியவரும் இதே மனிதர்தான். 1233-இல் அவர் கொலையானதும், எலிசபெத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவருக்காக ஒரு ஜெபம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலிசபெத் சொல்லியிருப்பார்.