காஞ்சிபுரம் வரை வெட்டி ஒட்டியது

சீன எழுத்தைப் பார்த்தவுடன் அதன் ஒலியைச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பழைய அகராதிக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தெரிந்த இரண்டு எழுத்துகளைக் கொடுப்பார்கள். முதலாவதில் தலையை வெட்டி, இரண்டாவதில் மிச்சத்தை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். 'கண்' என்பதற்கு 'கல், மண்' என்று குறிப்பு எழுதுவது போல. ஃபான்சியே என்று பெயர். 601இல் லூ ஃபாயான் தொகுத்த சியேயுன் இவ்வகையில் தாய்நூல். அன்றைய ஒலிகளை மீட்டெடுக்க நான் வைத்துக்கொண்டு மல்லாடுவது அதன் விரிவான 1008ஆம் ஆண்டுப் பதிப்பான குவாங்யுன். இருபத்தாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகள், 206 எதுகைப் பிரிவுகள்.

முதல் எழுத்து 'கிழக்கு'. குறிப்பு: 'அறம், சிவப்பு'. இன்றைய மாண்டரினில் அவை தெ, ஹோங். ஒட்டினால் தோங். சுலபம் என்று நினைத்தேன். ஆனால் மிச்சத்தோடு தொனியும் சேர்ந்து வர வேண்டும்; சிவப்பின் தொனி ஏறும் தொனி. கிழக்கு என்பதை இன்று ஏற்றமே இல்லாமல் உயரத்தில் நிறுத்திச் சொல்கிறார்கள். அரை நாள் பக்கத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று தேடினேன். விஷயம் வேறு. அன்று இரண்டுக்கும் ஒரே சமதொனிதான். பிற்பாடு அதிர்வொலியில் (b, d, g போலத் தொண்டை அதிரச் சொல்வது) தொடங்கியவை ஏறுதொனியாகிவிட்டன, மற்றவை உயரத்தில் நின்றுவிட்டன. சிவப்பின் தலையில் அதிர்வொலி இருந்தது, அறத்தில் இல்லை. அதிர்வொலி போய்விட்டது, அதன் தடம் மட்டும் தொனியில் இருக்கிறது.

ஆக ப, ph, b மூன்றையும் பிரித்து எழுதியாக வேண்டும் என்ற நிலை. தமிழில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரே 'ப'. சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் பக்கத்தில் குட்டியாக 2, 3 என்று போடுவார்களே, அதையே நோட்டில் பிடித்துக்கொண்டேன். சீன மரபில் அதிர்வொலிகளுக்குப் பெயர் 'கலங்கல்', மற்றவை 'தெளிவு'. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்கள்.

அடுத்தது, எந்தெந்தத் தலைகள் ஒன்று என்று கோர்ப்பது. 1842இல் சீன அறிஞர் சென் லீ காட்டிய முறை: ஓர் எழுத்துக்குத் தலை கொடுக்கும் எழுத்தும் அதே தலை உடையது, அப்படியே சங்கிலியாகப் போகலாம். நான் போனேன். 'அறம்' என்பதற்குத் தலை 'பல'. 'பல'வுக்குத் தலை 'பெறு'. 'பெறு'வுக்குத் தலை மறுபடி 'பல'. வட்டம் மூடிக்கொண்டது. இன்னொரு பக்கம் 'தலைநகர்', 'ஏற்ற' இரண்டும் ஒன்றுக்கொன்று தலை கொடுத்துக்கொண்டு தனி வட்டமாக நின்றன. எல்லாம் இன்று 'த'தான், ஆனால் புத்தகத்துக்குள் பாலம் இல்லை. சென் லீயே பாலத்தையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். 'உறைதல்' எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு. இரண்டாம் உச்சரிப்புக்கு ஓரிடத்தில் 'தலைநகர்' தலை, அதற்கே உரிய இடத்தில் 'பல' தலை. ஒலி ஒன்றென்றால் தலையும் ஒன்று. இதைப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை.

ஆனாலும் இது எது எதோடு சேரும் என்று மட்டுமே சொல்லும். ஒலி என்ன என்று சொல்லாது. அதற்கு உயிரோடிருக்கும் சாட்சிகள் வேண்டும்: கான்டனீஸ், ஹொக்கியென் போன்ற தென்சீனப் பேச்சுகள், சீனச் சொற்களைக் கடன் வாங்கி வைத்திருக்கும் ஜப்பான், கொரியா, வியட்நாம் மொழிகள். ஸ்வீடன் மொழியியலாளர் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது இதைத்தான்.

சோதிக்க ஒரு சொல் எடுத்தேன். 646இல் முடிந்த பயண நூலில் சீனத் துறவி சுவான்சாங் (நம் பாடநூல்களின் யுவான் சுவாங்) திராவிட நாட்டின் தலைநகர் என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறார். இன்றைய மாண்டரினில் வாசித்தால் ஜியென்-ஜ்ர்-பூ-லுவோ. ஒன்றும் புரியாது. முதல் எழுத்து கொரியாவில் கொன், ஜப்பானில் கென், வியட்நாமில் கியென்; எல்லாவற்றிலும் தலை க. இரண்டாவதன் தலை ச வகை. கடைசி எழுத்தின் எதுகைப் பிரிவு அன்று 'அ' என்பதை 1923இல் சீன அறிஞர் வாங் ரோங்பாவ் நிறுவினார். சேர்த்தால் கியன்-சி-பு-ல. காஞ்சிபுர!

ஒரு நிமிடம் குதித்துவிட்டு உட்கார்ந்தேன். வாங் அந்த 'அ'வை எடுத்ததே இது போன்ற சமஸ்கிருதப் பெயர்களின் சீன எழுத்துவடிவங்களிலிருந்துதான். அதை வைத்துப் பெயரைப் படித்துவிட்டு, சரியாக வருகிறதே என்று மகிழ்வது சுற்றி வந்து மூக்கைத் தொடுவது. க மட்டும்தான் என் சொந்த லாபம்.

இப்போது 'திராவிட'வில் இருக்கிறேன். அதைச் சுவான்சாங் எழுதியதில் முதல் எழுத்தின் பழைய ஒலி 'தத்', அடுத்தது 'ல'. அந்த நடு 'த்' திராவின் 'த்ர'வுக்காகப் போட்டதா என்று பார்க்க, இதே போல் 'த்ர' வரும் வேறு பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.