கீத்லியில் முதல் பைண்ட்

எழுத்தைப் பார்த்து ஊர்ப் பெயரைக் 'கெய்லி' என்று படித்தேன், இங்கே எல்லாரும் கீத்லி என்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கிறது. வந்த மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் பப்புக்குக் கூப்பிட்டார்கள். தயங்கித்தான் போனேன். நமக்குத் தெரிந்தது டாஸ்மாக். இங்கே உள்ளே ஒரு பாட்டி சீட்டாடிக்கொண்டிருந்தார், மேஜைக்கடியில் நாய் தூங்குகிறது.

எனக்கு வந்தது டிமோத்தி டெய்லர் கம்பெனியின் லேண்ட்லார்ட் என்ற பீர். இந்த ஊர்ச் சரக்குதான். 1858-இல் தொடங்கிய கம்பெனி, 1863-இலிருந்து நோல் ஊற்றுப் பக்கத்திலேயே காய்ச்சுகிறார்கள், அந்த ஊற்றுத் தண்ணீர், கோல்டன் பிராமிஸ் என்ற பார்லி. 1982, 1983, 1994, 1999 என்று நான்கு முறை பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டம் வாங்கியது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று வாயில் வைத்ததும் கெட்டுப்போன பீர் என்றே நினைத்தேன்: சில்லென்று இல்லை, பொங்கவில்லை, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. பாதிக்கு மேல்தான் அந்தக் கசப்புக்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனையும், கொஞ்சம் இனிப்பும் பிடிபட்டது. என் பங்குக்குப் பணத்தை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை, "அடுத்த ரவுண்டு உன்னுடையது" என்றார்கள். இங்கே அப்படித்தான், ஒருவர் எல்லாருக்கும் வாங்க வேண்டும், முறை வரும்போது எழுந்து கவுன்ட்டருக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் பப் நடத்தும் அம்மா என்னைக் கீழே நிலவறைக்கு அழைத்துப்போனார். பீர்ப் பீப்பாய்களை அங்கே 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருக்கிறார். பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, நொதித்துக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை. மேல் ஓட்டையில் செருகிய சின்ன மர ஆப்பைச் சுற்றி நுரை மெல்ல மெல்ல கசிந்துகொண்டிருந்தது. அது அடங்கி, வண்டல் அடியில் படிந்த பிறகுதான் விற்கலாம், திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நம் வீட்டில் இட்லி மாவைப் பார்த்துக்கொள்கிற அதே கவனம், எனக்கு அப்போதே அந்தப் பீர் மேல் மரியாதை வந்துவிட்டது. (சைவக்காரர்கள் கவனத்துக்கு: பீப்பாய் பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.)

மேலே கையால் இழுக்கும் பம்ப். இரண்டு மூன்று இழுப்பில் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி நிறையும், குழாயின் மூக்கில் மாட்டியிருக்கும் துளைமூடி வழியாக வருவதால் மேலே பாலாடை மாதிரி நுரை. தெற்கே பல இடங்களில் அந்த மூடி போடுவதில்லை. எனக்கு மூடி போட்டதுதான் பிடிக்கிறது.

போன வாரம் போனபோது அந்த அம்மா லேண்ட்லார்ட் பம்ப்பில் பீர் பெயர் போட்ட அட்டையைத் திருப்பி வைத்திருந்தார். "புதுப் பீப்பாய் இன்னும் தெளியவில்லை, நாளைக்கு வா, லவ்" என்றார். சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன், மறுநாள் போனேன்.