சித்தப்பாவும் மண்ணெண்ணெய்க் கானும்

13.06.2025, வெள்ளி
நேற்று மத்தியானம் அகமதாபாத்தில் லண்டனுக்குப் புறப்பட்ட விமானம், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர்தான் மிச்சம். 11ஏ இருக்கை, அவசரக் கதவுக்குப் பக்கத்தில். அவருடைய சகோதரரும் அதே விமானத்தில் போனவர் என்று செய்தியில் சொன்னபோது, சித்தப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

14.06.2025
வேலையிடத்தில் எல்லாரும் 'இனி 11ஏ கேட்டு வாங்க வேணும்' என்கிறார்கள். கேட்கவே பிடிக்கவில்லை.

18.06.2025
நித்திரை வரவில்லை. பாஹியா பகாரி பற்றி வாசித்தேன். 2009 ஜூன் 30 அதிகாலை, கொமொரோஸ் தீவுகளுக்குக் கிட்ட ஒரு விமானம் கடலில் விழுந்தது. 153 பேரில் பிழைத்தவள் அவள் மட்டும். 12 வயது, நீச்சலும் சரியாகத் தெரியாது, லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. உடைந்த துண்டொன்றைப் பிடித்தபடி ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் மிதந்திருக்கிறாள். தான் மட்டும் தவறி விழுந்துவிட்டதாகவும், அம்மா பத்திரமாக இறங்கியிருப்பார் என்றும் நினைத்தாளாம்.

நம் ஊர்க் கரையில் அடிக்கிற அதே இந்து சமுத்திரம்தான்.

21.06.2025
இன்று சித்தப்பாவாகவே கதையைத் தொடங்கினார். சுனாமிக்கு முந்தின வருஷம் அவருடைய வள்ளம் கவிழ்ந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இரவைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை.

கச்சான் காற்று வெளியே தள்ளிக்கொண்டே போயிற்றாம். கையில் அகப்பட்டது மண்ணெண்ணெய் தீர்ந்த ஒரு கான். கூட்டாளி கொஞ்சத் தூரத்தில். இருட்டில் முகம் தெரியாது, மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு நேரத்துக்கு மேல் இவர் குரல் மட்டும்.

"விடியத்தான் ஒரு வள்ளம் வந்தது பிள்ளை. கையை விரிக்க ஏலாமப் போச்சு. அவங்கள்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டவங்கள்."

கையை நீட்டிக் காட்டினார். வலது சுண்டுவிரல் இன்றைக்கும் முழுதாக நிமிராது. வலை பின்னிப் பின்னி அப்படி ஆகிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கூட்டாளியின் வீட்டுப் பக்கம் அவர் போவதில்லை. கோணேசர் கோயிலுக்கும் சுற்றுவழியாலேயே போவார். ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

30.06.2025
பின்னேரம் சித்தப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். இன்றோடு 16 வருஷம் என்று சொல்லி, பாஹியாவின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தாய்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சத்தம் கேட்டதாமா, அந்தப் பிள்ளைக்கு?"

"முதலில் ஆட்கள் கூப்பிட்டது கேட்டதாம், சித்தப்பா."

"ம்ம். பிறகு கேட்டிருக்காது."

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். கோத்துக் கொடுத்தேன்.