தொண்டையில் விளக்கு வைத்திருக்கும் காரல்

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் கரைக்கு வரும்போது கூடை கூடையாக வெள்ளியாய் மின்னுமே, அந்தக் காரல் மீனைப் பற்றித் தேடினால் குழம்பு வைக்கும் முறைதான் அதிகம் கிடைக்கிறது. அது எனக்குப் போதவில்லை.

காரல், காரப்பொடி என்று நாம் சொல்வது ஒரே இனம் இல்லை, லியோக்நாத்திடே குடும்பத்தைச் சேர்ந்த பல மீன்கள். பெரும்பாலானவை ஒரு சாண்கூட வளராது. தட்டையான உடம்பு, பொடிச் செதில், கையில் எடுத்தால் வழவழவென்று கோழை. ஆழம் குறைந்த கடலில் சேறும் மணலுமான தரையை ஒட்டிக் கூட்டமாகத் திரியும், கழிமுகங்களுக்குள்ளும் வரும். பாக் நீரிணை அதற்கு அவ்வளவு தோதான இடம்.

ஆனால் பெரிய விஷயம் உள்ளே இருக்கிறது. உணவுக்குழாயைச் சுற்றி உளுந்துவடை மாதிரி ஒரு வளையம், அதற்குள் போட்டோபாக்டீரியம் என்ற ஒளிரும் பாக்டீரியா. குஞ்சு பிறக்கும்போது இது அதனிடம் இருக்காது, அப்புறம் கடல் தண்ணீரிலிருந்துதான் வந்து சேர்கிறது. அது தரும் வெளிச்சம் காற்றுப்பையின் வெள்ளிப் பரப்பில் பட்டுத் திரும்பி வயிற்றுப் பக்கமாகக் கசிவதால், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனின் கண்ணுக்குக் காரலின் நிழல் மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்து காணாமல் போய்விடும். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தசையாலான மறைப்புகள் உண்டு. பல இனங்களில் ஆணின் ஒளி உறுப்பு பெண்ணுடையதைவிடப் பெரிது, ஒளி வெளியே போகத் தோலிலும் கண்ணாடி போன்ற பகுதி இருக்கும். இணையைக் கூப்பிடத்தான் இந்த ஏற்பாடு என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இந்த மீனில் ஒரு பங்கு சின்னக் கண்ணி உள்ள இழுவலை மடியில் குஞ்சும் குளுவானுமாக வாரப்பட்டு, சங்காயம், அதாவது கழிவு மீன், என்று ஒதுக்கப்பட்டு, கோழித்தீவனத்துக்கு அரைபடப் போகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, சரி, மீதி நாளெல்லாம் அந்தக் கண்ணி அளவை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த முறை காரல் வாங்கினால், கழுவுவதற்கு முன் அதன் வாயை மெதுவாக இழுத்துப் பாருங்கள், குழாய் மாதிரி நீளும். மேல்நோக்கி நீண்டால் செக்யூடர் வகை, மிதக்கும் சின்ன உயிரிகளைத் தின்பது. கீழ்நோக்கி வளைந்தால் தரையைக் கிளறித் தின்னும் வகை. நேராக முன்னால் நீண்டு, உள்ளே கோரைப்பல்லும் தென்பட்டால் அது காஸா வகை, மற்ற சின்ன மீன்களையும் பிடித்துத் தின்பது.