ஃபிரேம் இல்லாமல் பொது மெனு: லேப் தேர்வுக்கு முன்

"எல்லாப் பக்கத்திலும் ஒரே மெனு வர வேண்டும், ஃபிரேம் கூடாது" என்ற கேள்விக்குப் பலர் மெனுவை ஐந்து பக்கத்திலும் காப்பி பேஸ்ட் செய்துவிடுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். "இதில் ஒரு லிங்க் சேர்த்துக் காட்டு" என்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்டதும் ஐந்தையும் திறக்க வேண்டியதுதான்.

ஜன்னலைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் தனிப் பக்கத்தைக் காட்டும் ஃபிரேம்செட் ஏன் வேண்டாம்? 'எச்டிஎம்எல் 5 அதைக் கைவிட்டுவிட்டது' என்பது பாதிப் பதில். உள்ளே எங்கே போனாலும் அட்ரஸ் பாரில் முகவரி மாறாது, புக்மார்க் செய்தால் முதல் பக்கமே திறக்கும், கூகுள் வழியாக வருபவர் மெனு இல்லாத உள்பக்கத்தில் போய் நிற்பார். இதையும் சொல்லுங்கள்.

சர்வரில் ஓடும் மொழியான பிஎச்பி (PHP) இருந்தால் வேலை சுலபம். மெனுவைத் தனி ஃபைலாக வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பாடி தொடங்கியதும் ஒரு இன்க்ளூட் வரி எழுதுங்கள். மெனு ஃபைலில் நேவ் டேகும் அதற்குள் லிங்க்குகளும் போதும். ஹெட், பாடி டேக் வேண்டாம். மெனு வரவில்லையென்றால், பக்கத்தை எச்டிஎம்எல் என்றே சேவ் செய்திருப்பீர்கள், அல்லது லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வரின் முகவரி) வழியாகப் போகாமல் ஃபைலை டபுள் கிளிக் செய்திருப்பீர்கள்.

அதிகம் சறுக்குவது பாதையில்தான். துணை ஃபோல்டரில் உள்ள பக்கமும் இதே மெனுவை எடுப்பதால், வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்த லிங்க் அங்கே உடையும். ஸ்லாஷில் தொடங்குங்கள். ஆனால் சாம்ப்பில் (XAMPP, கணினியிலேயே சர்வர் ஓட்டும் மென்பொருள்) உங்கள் சைட் அதன் வெப் ரூட்டான எச்டிடாக்ஸுக்குள் (htdocs) ஒரு ஃபோல்டராக இருந்தால், ஸ்லாஷுக்கு அடுத்து அந்த ஃபோல்டர் பெயரும் வேண்டும். இல்லையேல் 'ஹோம்' அழுத்தியதும் சாம்ப் டாஷ்போர்டு வந்து நிற்கும். இன்க்ளூட் வரியில் கதை வேறு: அங்கே முன்ஸ்லாஷ் வெப் ரூட்டை அல்ல, டிஸ்க்கின் ரூட்டைக் குறிக்கும். அதற்கு, அந்த வரி எழுதப்பட்ட ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் தரும் 'டிர்' (__DIR__) மாறிலியிலிருந்து பாதையைக் கட்டுவதே நம்பகம். ஃபைல் கிடைக்காவிட்டால் இன்க்ளூட் வார்னிங் கொடுத்துவிட்டு மீதியை ஓட்டும். அதே வேலையைச் செய்யும் ரிக்வயர் அங்கேயே நிறுத்திவிடும். இந்த வித்தியாசம் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) உதவும்.

லேஅவுட்டுக்கு டேபிள் வேண்டாம், சிஎஸ்எஸ் கிரிட் போதும்: மெனுவுக்கு 200 பிக்சல், மீதி உள்ளடக்கத்துக்கு. ஃபிரேமில் போல மெனு நகராமல் நிற்க, அதன் 'பொசிஷன்' 'ஸ்டிக்கி', 'டாப்' பூஜ்யம் என்று கொடுங்கள். கொடுத்தும் நிற்கவில்லையா? கிரிட் அந்தக் கட்டத்தை முழு உயரத்துக்கு இழுத்திருக்கும், மெனு நகர இடமே இருக்காது. 'அலைன் செல்ஃப்'பை 'ஸ்டார்ட்' ஆக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால், மேலே ஏதாவது ஒரு டிவ்வில் 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' இருக்கிறதா என்று தேடுங்கள்.