கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வேண்டும் என்றால் பி.எட். முடித்திருக்க வேண்டும். பாடக்குறிப்பு எழுதி, மற்றவர்கள் முன் நடத்திக் காட்டி, ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் வகுப்பு கையில் கிடைக்கும். கல்லூரியில் பி.எஸ்சி. மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்க அப்படி எதுவும் கேட்க மாட்டார்கள். முதுகலையோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, இல்லையென்றால் பிஎச்.டி. இருந்தால் போதும். நான் மெல்லிய படலங்களில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆறு ஆண்டு ஆய்வகத்திலேயே இருந்துவிட்டு, ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை காலை, அறுபது பேர் இருந்த வகுப்பில் சாக்பீஸோடு நின்றேன். பாடம் நடத்துவது எப்படி என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எனக்குப் பிடித்த ஆசிரியர்கள் எப்படி நடத்தினார்களோ அப்படியே நடத்தினேன்.

நான்கு ஆண்டுகள் அப்படியே ஓடின. மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள், பலகையில் இருந்ததை அழகாக எழுதிக்கொண்டார்கள், பெரும்பாலானவர்கள் பாஸ் செய்தார்கள். நல்ல ஆசிரியை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் வேறு ஓர் ஆசிரியர் என் வகுப்புக்குள் உட்கார்ந்து பார்த்தது ஒரு முறைகூட இல்லை. பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் ஒன்றாகச் சாப்பிடுவோம், மகளின் காதுகுத்துக்கு மொய் எழுதுவோம், ஆனால் பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பயிற்சிக்குப் போனது பதவி உயர்வுக்காகத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி, பிஎச்.டி. உள்ள உதவிப் பேராசிரியர் நான்கு ஆண்டு முடித்ததும் அடுத்த ஊதிய நிலைக்கு விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில். என்றால் ஐந்து, இரண்டும் இல்லையென்றால் ஆறு. அதற்கு 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு இதற்கென்றே பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. மூத்தவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 2015இல் அது மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது. நான் போனது 2022 டிசம்பரில். அடுத்த ஆண்டே மாளவியா மிஷன் என்று பெயர் மாறிவிட்டது. பயிற்சியின் பெயரும் இப்போது ஃபேகல்டி இண்டக்‌ஷன் ப்ரோக்ராம், அதற்கு குரு தக்ஷதா என்று இன்னொரு பெயர். என்னுடையது நான்கு வாரம், நேரில்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், அது பெரிய வேலை இல்லை. முதல்வரின் தடையில்லாச் சான்றும், அந்த நாட்களைப் பணி நாட்களாகவே கணக்கிடும் ஓ.டி. அனுமதியும் வாங்குவதுதான் பாடு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. நான்கு வாரம் என்றால் 64 மணி நேரத்தை யாராவது தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நடு செமஸ்டரில் கேட்டிருந்தால் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் நடக்கிற வாரங்களாகப் பார்த்துத் தேதி எடுத்ததால் 20 மணி நேரம்தான் மாற்ற வேண்டி வந்தது. அதையும் யார் எத்தனை எடுப்பது, நான் திரும்பி வந்து எப்போது எடுத்துக் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, விண்ணப்பத்தோடு வைத்தேன். மறுநாளே அனுமதி கிடைத்தது. போக நினைப்பவர்கள் அந்தத் தாளை முதலிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயர்கல்வி வரலாறு, தேசியக் கல்விக் கொள்கை, ஆய்வு நெறிமுறை, தகவல் தொழில்நுட்பம் என்று உரைகள். சில நன்றாக இருந்தன. பாடம் நடத்துவது எப்படி என்ற தலைப்பிலேயே ஒருவர் 90 நிமிடம் ஸ்லைடைப் பார்த்துப் படித்தது வருத்தமாக இருந்தது. எங்களில் பலர் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மூன்றாம் வாரம் மைக்ரோ டீச்சிங். ஆளுக்கு 15 நிமிடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். என் குழுவில் தமிழ், வணிகவியல், தாவரவியல், வரலாறு என்று எட்டுப் பேர். நான் நியூட்டனின் இரண்டாம் விதியை எடுத்தேன். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. முடித்ததும் கை தட்டினார்கள். அப்புறம் தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மேடம், நீங்க பதினோரு கேள்வி கேட்டீங்க. ஒன்பதுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. மீதி ரெண்டுக்கு, ‘புரியுதா?’ன்னு கேட்டீங்க. நாங்க எல்லாரும் தலையாட்டினோம். எனக்கு ஒண்ணும் புரியல.”

அவர் குறை சொல்லும் குரலில் பேசவில்லை. எண்ணியதைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்று இரவு விடுதி அறையில், போனில் எடுத்திருந்த பதிவைப் போட்டு, கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டிருக்கிறேன் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பல இடங்களில் ஒரு விநாடிகூட இல்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் இதை 1970களிலேயே அளந்து வைத்திருக்கிறார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்று அவர் கண்டார். மூன்று விநாடி என்றால் மனதுக்குள் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம். முன்னால் நிற்கிறவருக்கு அது ஒரு யுகம்போல இருக்கும். அடுத்த நாள் மறுபடி நடத்தியபோது, முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணிப் பழகினேன்.

அந்த மையத்தின் நூலகத்தில்தான் எரிக் மசூரைப் பற்றிப் படித்தேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள், ஆனால் விசை என்றால் என்ன என்று சாதாரண வார்த்தையில் கேட்டபோது தடுமாறினார்கள். 1991 முதல் அவர் வகுப்பில் பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். எல்லோரும் தனித்தனியாக விடை காட்ட வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், பிறகு மறுபடி விடை காட்ட வேண்டும். முதல் முறை 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்கிற கேள்வியாக இருந்தால்தான் வாதம் பலன் தரும் என்பது அவர் அனுபவம். அதற்குக் கீழே என்றால் ஆசிரியர் திரும்பவும் விளக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் சார்ட் பேப்பரை வெட்டி, ஆளுக்கு நான்கு நிற அட்டை கொடுத்தேன், ஒரு விடைக்கு ஒரு நிறம். முதல் கேள்வி இது: ஒரு காசை நேர் மேலே சுண்டுகிறேன். கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது, காற்றின் தடையை விட்டுவிட்டால், அதன்மேல் என்ன விசை இருக்கிறது? அன்று வந்தவர்கள் 58 பேர். கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டும்தான் என்று சரியாகக் காட்டியவர்கள் 11 பேர். மற்றவர்களில் பெரும்பாலானோர், கை கொடுத்த விசை காசோடு மேலே போகிறது, போகப் போகக் குறைகிறது என்ற அட்டையைத் தூக்கினார்கள். ஒரு மாதத்துக்கு முன்புதான் இந்தப் பாடத்தை முடித்து, தேர்வும் வைத்து, மதிப்பெண் போட்டிருந்தேன்.

பதினொன்று என்பது வாதாட விடப் போதாது. ஒரு படி இறங்கினேன். “இப்போ காசை எதெல்லாம் தொட்டுக்கிட்டு இருக்கு?” என்று கேட்டுவிட்டு விரலை மடக்கினேன். ஐந்தாவது விரலில் மூன்றாம் பெஞ்சில் இருந்து ஒரு குரல்: “காத்து மட்டும்தான் மேடம்.” மறுபடி அட்டை. 24 பேர். இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், தமிழிலேயே பேசுங்கள் என்றேன். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து வந்து, இங்கே முதல் முறையாக ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறவர்கள்தான் பாதிப் பேர். வகுப்பு சந்தையாகிவிட்டது. கதவோரம் இருந்த இரண்டு பெண்கள் பேசியது எனக்குக் கேட்டது.

“கையை விட்டுப் போனதுக்கப்புறம் கை எப்படிடி தள்ளும்?”

“அப்போ ஏன் மேல போகுது?”

“போறது வேகம்டி. வேகம் இருக்கு, தள்ளுறதுக்கு ஆள் இல்ல. பூமி கீழ இழுக்குது, அதான் குறைஞ்சுகிட்டே வந்து நின்னுடுது.”

நான் நான்கு ஆண்டாகச் சொல்லிவந்த விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. மூன்றாவது முறை 43 அட்டைகள் சரியாக வந்தன. மீதிப் பதினைந்து பேருக்காக அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினேன். பாடத்திட்டம் ஒரு வாரம் பின்தங்கியது உண்மைதான். அதை ஒரு சனிக்கிழமை எடுத்துச் சரிசெய்தேன்.

இதற்குப் பிறகுதான் அந்தத் தமிழ்த் துறை ஆசிரியரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்துவிட்டது. இனி என் கேள்விகளை யார் எண்ணுவார்கள்? எங்கள் துறையில் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்த மூத்த மேடத்திடம் போய், ஒரு வகுப்புக்கு வந்து பின்னால் உட்கார முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் பயந்தார். “ஏம்மா, யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்களா?” என்றார். எங்கள் ஊர்க் கல்லூரிகளில் இன்னொருவர் வகுப்புக்குள் வந்தால் அது ஆய்வு, இல்லை விசாரணை. வேறு காரணம் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. விளக்கிச் சொன்ன பிறகு சம்மதித்தார். கடைசியில் அவரே, “நீயும் என் கிளாஸுக்கு வா. முப்பது வருஷத்தில் யாரும் வந்ததில்லை” என்றார்.

அவர் வகுப்பில் நான் கற்றது பலகையைப் பற்றி. இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அன்றைய குறியீடுகளை எல்லாம் அந்தப் பக்கம் எழுதி வைத்துவிடுவார், வகுப்பு முடியும் வரை அழிக்க மாட்டார். பாதியில் கவனம் தவறிய பையன் அங்கே பார்த்து மறுபடி சேர்ந்துகொள்வதை நான் பின்னால் இருந்து கண்ணால் பார்த்தேன். அவரிடம் சொன்னபோது, “அப்படியா, நான் ஒரு பழக்கத்தில் செய்யறேன்” என்றார். மாணவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பது முன்னால் நிற்கிறவருக்குத் தெரிய வழியில்லையே.

அப்புறம், நிரந்தரப் பணி இல்லாத இரண்டு கௌரவ விரிவுரையாளர்கள் எங்களோடு சேர்ந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் முதலாண்டு வகுப்புகளில் பெரும்பங்கை எடுப்பவர்கள் அவர்கள்தான். பயிற்சிச் சான்றிதழால் அவர்களுக்கு ஊதிய நிலை உயரப் போவதில்லை, அதனால் யாரும் அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பவும் மெனக்கெடுவதில்லை. மாணவன் முதலில் சந்திக்கிற ஆசிரியரை வளர்க்காமல் விடுவது பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

நாங்கள் பேசி வைத்துக்கொண்டது கொஞ்சம்தான். அழைத்தால் மட்டும் போக வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்று நடத்துகிறவர்தான் சொல்வார். பார்த்ததைச் சொல்லலாம், மதிப்பெண் போடக்கூடாது. வகுப்பு முடிந்த அன்றே டீக்கடையில் இருவர் மட்டும் பேச வேண்டும்.

இந்தக் கடைசி வழக்கம் என் தவறால் வந்தது. தொடக்கத்தில் அந்த இருவரில் இளையவருடைய வகுப்பைப் பார்த்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் இருக்கும்போது, “தம்பி, கடைசி இரண்டு வரிசையைப் பார்க்கவே இல்லையே” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரி, சொன்ன இடம் தப்பு. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், அதன் பிறகு ஆறு வாரம் என்னை அழைக்கவில்லை. தமிழ்த் துறை ஆசிரியர் எட்டுப் பேர் முன்னால்தான் என்னிடம் சொன்னார், ஆனால் அங்கே எல்லோரும் ஊருக்குப் புதியவர்கள், யாருடைய வேலையும் யார் கையிலும் இல்லை. இங்கே நான் நிரந்தரப் பணியில் இருப்பவள், அவருக்கு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். என் வகுப்புக்கு வந்து நான் எந்த வரிசையைப் பார்க்காமல் விடுகிறேன் என்று எண்ணித் தரச் சொன்னேன். வந்தார். என் இடது பக்கச் சுவரோர பெஞ்சுகளிடம் ஒரு மணி நேரத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். அங்கே உட்கார்ந்திருந்த ஒன்பது பேரின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நான்கு பேர் பெயர்தான் தெரியும்.

இந்த ஆண்டு, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் அமைப்பின் ஆய்வுக்கான கோப்பு தயாரானபோது, கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவில் இருந்து எங்கள் வருகைகளுக்கு ஒரு படிவம் போட்டுத் தருகிறோம், பார்த்ததை நிரப்பிக் கொடுங்கள் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். நாங்கள் நால்வரும் டீக்கடையில் நெடுநேரம் பேசினோம். தேதி, வகுப்பு, யார் யார் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தோம், என்ன பேசினோம் என்ற பகுதியைக் காலியாக விட்டோம். முதல்வர் அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் என் முறை. இரண்டாம் ஆண்டு ஒளியியல், வியாழக்கிழமை மூன்றாவது பீரியட். சுவரோர பெஞ்சுகளை மட்டும் பாருங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.